மூணு கோடு எங்கய்யா? – மாடல் ரயிலுக்கு எழுத்து எழுதும் முன்

எங்க ஊர் கடலாடிக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்கணும்னா பஸ் ஏறி இராமநாதபுரமோ பரமக்குடியோ போகணும். அதனாலதானோ என்னவோ, சின்ன வயசுல இருந்தே எனக்கு ரயில் மேல ஒரு ஏக்கம். செகண்ட் இயர் படிக்கும்போது ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒரு மாடல் ரயில் செய்தோம். சாதாரண ரயில் இல்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பி, போய்ச் சேராமலே புயலில் கடல் கொண்டுபோன 653-ஆம் எண் பாசஞ்சர். ஒரு எஞ்சின், ஆறு பெட்டி. சன்போர்டு வெட்டி, ஓஎச்பி ஷீட்டில் ஜன்னல் ஒட்டி, ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து முடித்தபோது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சிம்போசியத்தில் பரிசும் வாங்கினோம்.

அந்த லீவில் எங்க ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதை எடுத்துட்டுப் போனேன். பேரனைக் கூட்டிக்கிட்டு ஒரு அப்பத்தா வந்திருந்தாங்க. தங்கச்சிமடத்தில் பிறந்து எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. மாடல் பக்கத்தில் நான் வைத்திருந்த அட்டையைப் பேரன் வாசித்துக் காட்டினான். அப்பத்தா குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாங்க. ரொம்ப நேரம்.

"ஏய்யா, இது அந்த வண்டியா?"

"ஆமா அப்பத்தா."

"எங்க அண்ணன் போச்சுய்யா அதுல. மூணாங் கிளாசுலதான் போகும். கதவுல மூணு கோடு போட்டிருக்கும். மூணு கோடு எங்கய்யா?"

எங்கள் பெட்டியில் இரண்டு கோடுதான் இருந்தது. இன்றைக்கு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இருப்பதைப் பார்த்து அப்படியே போட்டிருந்தோம். அப்பத்தாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அவங்க கோபப்படவும் இல்லை. "இதுல அண்ணன் எங்க உக்காந்திருக்கும்னு தெரியலையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மாடலில் கோடு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் தப்பு என்று தெரிந்தது. நிறமும் தப்பு. இந்தக் கட்டுரை அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம். நீங்களும் ஒரு பழைய ரயிலை மாடலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால், கத்தியைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு தேதி

மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் "பழைய ரயில்" செய்கிறேன் என்று ஆரம்பிப்பார்கள். அங்கேயே சறுக்கல். பழையது என்றால் எந்த வருஷம்? முடிந்தால் எந்த மாதம்? நம்ம பாம்பன் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அப்போது இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியிடம் இருந்தது. 1944-ல் அரசு அதை வாங்கியது. 1951 ஏப்ரல் 14-ல் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகியவற்றோடு அது சேர்ந்து இன்றைய தெற்கு ரயில்வே ஆனது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் கர்டர்களில் 120-க்கும் மேல் போய்விட்டன. நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் கண் மட்டும் நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். அதனால் 1965 ஜனவரி என்று அட்டை எழுதிவிட்டுப் பாலத்தின் மேல் ரயிலை நிறுத்தினால் அது பொய். 2007 ஆகஸ்டில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தது.

ஒரே இடம், ஒரே கடல். ஆனால் ஒவ்வொரு தேதிக்கும் வேற வேற எழுத்து, வேற வேற பெட்டி. பாம்பன் ஸ்டேஷன்கூட மாறும். புயலுக்கு முன்பு அது ஒரு ஜங்ஷன். ஒரு தண்டவாளம் தனுஷ்கோடிக்கும், இன்னொன்று இராமேஸ்வரத்துக்கும் பிரியும். தனுஷ்கோடிப் பாதையைப் புயலுக்குப் பிறகு திரும்பப் போடவே இல்லை. பழைய பாலத்தின் மேல் கரண்ட் கம்பி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷெர்சர் கண் மேல் மின்சார எஞ்சின் போகிற மாதிரி ஒரு அழகான மாடலை நான் பார்த்திருக்கிறேன்.

கோடுகளின் கதை

அப்பத்தா கேட்ட கேள்விக்கு வருவோம். பெட்டிக் கதவில் போட்ட கோடு ரோமன் எண்தான். ஒரு கோடு முதல் வகுப்பு, இரண்டு கோடு இரண்டாம் வகுப்பு, மூன்று கோடு மூன்றாம் வகுப்பு. இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். சிக்கல் அந்த இரண்டு கோட்டில் இருக்கிறது.

1955-க்கு முன்பு நாலு வகுப்பு இருந்தன: முதல், இரண்டாம், இன்டர், மூன்றாம். இரண்டாம் வகுப்பு என்றால் அதிகாரிகளும் வசதியானவர்களும் போகிற இடம். 1955-ல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டார்கள். பழைய இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பு ஆனது. இன்டர் என்று இருந்தது இரண்டாம் வகுப்பு ஆனது. மூன்றாம் வகுப்பு அப்படியே கிடந்தது. பிறகு 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே ஒழித்தார்கள். நேற்று வரைக்கும் மூன்றாம் வகுப்பாக இருந்தது இரண்டாம் வகுப்பு என்று பெயர் பெற்றது.

ஆக, கதவில் இரண்டு கோடு போட்ட பெட்டிக்கு மூன்று காலத்தில் மூன்று அர்த்தம். 1950-ல் அதற்குள் இருப்பது மேல்தட்டு. 1964-ல் நடுத்தரம். 1980-ல் சாதாரண ஜனம். கோடு அதே கோடுதான்.

இப்போ எங்கள் மாடலைப் பாருங்கள். 1964 பாசஞ்சரின் எல்லாப் பெட்டியிலும் இரண்டு கோடு போட்டு, மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்த ஒருத்தருக்குக்கூட உட்கார இடமில்லாத ஒரு ரயிலைச் செய்து வைத்திருந்தோம். அந்த வண்டியில் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த வகுப்பில் போயிருப்பார்கள் என்று நம்ம பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களையெல்லாம் வண்டியிலிருந்து இறக்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம். அதைத்தான் அப்பத்தா ஒரு வரியில் சொன்னாங்க.

கோடு மாறினால் உள்ளேயும் மாறணும். ஜன்னல் வழியாக இருக்கை தெரிகிற மாதிரி செய்கிறீர்கள் என்றால், மூன்றாம் வகுப்புக்குப் பச்சை ரெக்சின் ஒட்டாதீர்கள். வெறும் மரப்பலகை. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் போட ஆரம்பித்தார்கள். 1974-ல் கதவில் ஒரு கோட்டை அழித்தார்கள். பலகை மெத்தையாக அதற்கப்புறமும் சில வருஷம் ஆனது. இந்த இடைவெளியை மாடலில் காட்ட முடிந்தால், அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் இல்லைன்னு நினைக்கிறேன்.

ரயில்வேயின் பெயர், பெட்டியின் எண்

பெட்டியின் பக்கவாட்டில் ரயில்வேயின் சுருக்கப் பெயர் இருக்கும். 1951-க்கு முன்பு என்றால் ஆங்கிலத்தில் எஸ்.ஐ.ஆர். அதற்குப் பிறகு எஸ்.ஆர். தேவநாகரியில் தெற்கு ரயில்வேயின் சுருக்கம் வருவதெல்லாம் சுதந்திரத்துக்குப் பிந்தைய கதை. 1914 மாடலில் அதைப் போட்டால் யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள். ஆனால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். 1951 ஏப்ரல் 14 இரவோடு இரவாக எல்லாப் பெட்டிக்கும் பெயின்ட் அடித்திருக்க முடியுமா? முடியாது. பெட்டி பொன்மலை மாதிரி ஒரு பணிமனைக்கு ஓவர்ஹாலுக்குப் போகும்போதுதான் புது எழுத்து ஏறும். அதனால் 1952-ஐ மாடலாகச் செய்தால், ஒரே வண்டியில் இரண்டு பெட்டியில் பழைய பெயர், நாலு பெட்டியில் புதுப் பெயர் என்று கலந்து போடுவதுதான் உண்மைக்குப் பக்கம். எல்லாப் பெட்டியும் ஒரே சீராக, ஒரே பளபளப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான ரயில் எப்போதுமே கொஞ்சம் கந்தரகோளம்தான்.

அடுத்து எண். இன்றைய பெட்டியில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது கட்டப்பட்ட வருஷம். 2018-க்கு முன்பு கட்டிய பெட்டிகளில் மீதி மூன்று இலக்கம் என்ன வகைப் பெட்டி என்று சொல்லும்: 200-களிலும் 300-களிலும் இருந்தால் ஸ்லீப்பர், 400-களிலும் 500-களிலும் இருந்தால் பொது இரண்டாம் வகுப்பு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் இந்த முறையைக் கம்பெனிக் காலத்து மாடலில் போடக்கூடாது. அப்போது அந்தந்த ரயில்வே தன் கணக்குக்கு வரிசை எண் போட்டுக்கொண்டது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நெட்டில் கிடைத்த ஒரு போட்டோவைப் பார்த்து 88-ல் ஆரம்பிக்கும் எண்ணை எழுதிவிட்டோம். 1964-ல் மூழ்கிய பெட்டி 1988-ல் கட்டப்பட்டது. பரிசு கொடுத்த நடுவரும் கவனிக்கவில்லை என்பது வேற விஷயம்.

653 என்பது வண்டி எண், பெட்டி எண் இல்லை. அதைப் பெட்டியின் உடம்பில் பெயின்ட் செய்யக்கூடாது. இன்றைக்கு இந்த வண்டிக்கு ஓடும் பெட்டி நாளைக்கு வேற வண்டிக்கு ஓடும். ஐந்து இலக்க வண்டி எண் வந்தது 2010 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய மாடலில் ஐந்து இலக்கத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

போட் மெயில் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் முறையான பெயர் இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ். "சென்னை – கொழும்பு" என்று பெட்டியில் பலகை மாட்டி, அந்த ரயிலே கப்பலில் ஏறிப் போன மாதிரி சிலர் செய்கிறார்கள். ரயில் தனுஷ்கோடியோடு நின்றுவிடும். ஆட்கள் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் வேற ரயில் பிடிப்பார்கள். பெட்டியையே ஏற்றிக்கொண்டு போனாலும் அங்கே ஓடாது: நம்ம பக்கம் மீட்டர் கேஜ், இலங்கைப் பக்கம் அகலப் பாதை. ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 1996 வரை மெட்ராஸ்தான். இலங்கையின் பெயர் 1972 வரை ஆங்கிலத்தில் சிலோன்.

கம்ப்யூட்டர் சொல்லாத தமிழ்

இந்தப் பகுதியை எழுதத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பித்தேன். வெளிநாட்டு மாடல் புத்தகம் எதிலும் இது இருக்காது, ஏன்னா இது நம்ம எழுத்தின் பிரச்சினை.

மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகும் வழியில் மானாமதுரை ஜங்ஷன். அதன் பெயர்ப்பலகையை 1964-க்குச் செய்யணும். என்ன செய்வீர்கள்? கம்ப்யூட்டரில் மஞ்சள் பின்னணி போட்டு, கறுப்பில் "மானாமதுரை" என்று டைப் செய்து, பிரின்ட் எடுத்து ஒட்டுவீர்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். அந்த இரண்டாவது எழுத்து தப்பு.

1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. அதுவரை றா, ணா, னா மூன்றும் இப்போது நாம் எழுதுவது போல் துணைக்கால் தனியாக நிற்கும் எழுத்துகள் இல்லை. எழுத்தின் வலப்பக்கக் கோடே கீழே இறங்கிச் சுழிந்து கொள்ளும். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இரட்டைச் சுழி வராது. எழுத்தின் தலையோடு யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டியிருக்கும். றா, ணா, னா மாதிரியே அவற்றின் ஒகர, ஓகார வரிசையும். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகைகளில் மாற்றிய வடிவங்களைப் பயன்படுத்தினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பாடப்புத்தகமும் அரசு அச்சும் மற்ற பத்திரிகைகளும் பழைய வடிவத்தில்தான் இருந்தன.

கம்ப்யூட்டருக்கு இந்த வரலாறு தெரியாது. யூனிகோடில் பழைய னா-வுக்கும் புது னா-வுக்கும் குறியீடு ஒன்றுதான். எந்த வடிவம் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. நம்ம கையில் இருக்கும் எழுத்துருக்கள் பெரும்பாலும் புது வடிவத்தைத்தான் காட்டும். டைப் செய்த அந்த நொடியிலேயே உங்கள் பலகை 1978-க்கு இந்தப்பக்கம் வந்துவிடுகிறது.

எல்லா ஊருக்கும் இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பாதையில் பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி எதிலும் அந்த 13 எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. இராமநாதபுரத்தின் நா வேற நா, அது மாறவில்லை. மதுரையின் ரை-யும் மாறவில்லை. மானாமதுரை மாட்டிக்கொள்ளும். அக்கரைக்குப் போனால் தலைமன்னாரில் இரண்டு எழுத்து மாட்டும், லை ஒன்று, னா ஒன்று. சென்னையில் ஒரு னை.

எப்படிச் சரி செய்வது? வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை, 1978-க்கு முந்தைய வார இதழ், தாத்தாவின் பள்ளிப் புத்தகம் ஏதாவது இருக்கும். அதில் அந்த எழுத்தைத் தேடி ஸ்கேன் செய்து, அதன்மேல் வெக்டார் மென்பொருளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அச்சு எழுத்து வேற, பெயின்டர் கையால் எழுதும் எழுத்து வேற. பலகை எழுத்தில் கோடு ஒரே தடிமனாக ஓடும். அச்சில் மெல்லியதும் தடித்ததும் மாறி மாறி வரும். அச்சிலிருந்து எலும்புக்கூட்டை மட்டும் எடுங்கள், சதையைப் பலகை போட்டோ பார்த்துப் போடுங்கள். அரசாணை வந்த மறுநாளே எல்லாப் பலகையும் மாறியிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 1980-களின் மாடலில் பழைய எழுத்து இருந்தால் குற்றமில்லை.

ஸ்டேஷன் பலகை எழுத்தை நம்ம மாநிலத்தில் சும்மா எழுத்து என்று யாரும் நினைத்ததில்லை. 1952-லும் 53-லும் பெரியார் அழைப்பில் பலகைகளின் ஹிந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். 1953 ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகை மேல் "கல்லக்குடி" என்று ஒட்டி, தண்டவாளத்தில் படுத்து, கலைஞர் சிறைக்குப் போனார். அந்த ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு ஸ்டேஷனை மாடல் செய்தால், பலகையில் ஒரு வரி தார் பூசியிருப்பதைக்கூட நீங்கள் ஆதாரத்தோடு காட்டலாம்.

நிறமும் பஃபரும்

சுருக்கமாக முடிக்கிறேன். நாங்கள் அடித்தது நீலம். சாதாரண வண்டிகளில் நீலம் பரவியது 1990-களில், ஏர் பிரேக் பெட்டிகளோடு. அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் நாடு முழுக்க ஓடியது செங்கல் சிவப்பு. எங்க அப்பாவுக்கு இன்றைக்கும் ரயில் என்றால் அந்த நிறம்தான்.

மீட்டர் கேஜ் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பஃபர் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பஃபர், அதிலேயே கொக்கி. கடையில் வாங்கும் பெட்டியை மாற்றி வேலை செய்கிறவர்கள் முதலில் பக்கவாட்டுப் பஃபர்களை வெட்டி எறியுங்கள். இதைச் செய்யாமல் எழுத்தை மட்டும் சரி செய்வது, வேட்டி கட்டிவிட்டு டை போடுவது மாதிரி.

கணக்கு

நாம் இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ், கணக்கு இல்லாமல் எப்படி. 87-ல் ஒரு பங்கு அளவை எச்ஓ என்பார்கள். இந்த அளவுக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ., அதாவது ஐரோப்பாவின் பாதை. நம்ம மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. வகுத்தால் 11.5. அதனால் 12 மி.மீ. தண்டவாளம் வாங்குங்கள், கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அகலப் பாதை 1,676 மி.மீ.; அதற்கு 19.3 வேண்டும், ஆனால் எல்லாரும் 16.5-லேயே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். பாம்பன் பாலம் சுமார் 2,065 மீட்டர். இந்த அளவில் செய்தால் 23.7 மீட்டர் வரும், எங்க ஹாஸ்டல் வராண்டா போதாது. 40 அடி கண் ஒன்று 14 சென்டிமீட்டர். பத்துக் கண்ணும் நடுவில் ஷெர்சர் கண்ணும் வைத்தால் மேஜைக்குள் அடங்கும்.

எழுத்துக்கு வருவோம். நிஜத்தில் 15 செ.மீ. உயரமுள்ள எழுத்து மாடலில் 1.7 மி.மீ. அதன் கோட்டுத் தடிமன் 2 செ.மீ. என்றால் மாடலில் 0.23 மி.மீ. இதை ஸ்டிக்கர் கடை மெஷினில் வெட்டவே முடியாது. எங்களுக்கு வெட்டிக் கொடுத்தவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கித்தான் கொடுத்தார், நாங்களும் பேசாமல் ஒட்டிக்கொண்டோம். 600 டிபிஐ லேசர் பிரின்டரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. ஆக 0.23-க்கு ஐந்து புள்ளி கிடைக்கும், போதும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாளில் பிரின்ட் எடுங்கள்.

அடுத்த தடை: சிவப்புப் பெட்டியில் மஞ்சள் எழுத்து வேண்டும். வீட்டு பிரின்டர் மஞ்சளைச் சிவப்பின் மேல் காட்டாது, வெள்ளை மையும் அதில் இல்லை. வழி தலைகீழானது. வெள்ளை டெக்கால் தாளில் பெட்டியின் முழுப் பக்கத்தையும் சிவப்பாக அச்சடித்து, எழுத்து வரும் இடத்தை மட்டும் மஞ்சளாக விடுங்கள். ஜன்னல்களை வெட்டி எடுத்துவிட்டு முழுப் பக்கமாக ஒட்டுங்கள். ஓரத்தில் தெரியும் வெள்ளை விளிம்புக்கு அதே சிவப்பைத் தூரிகையால் தொட்டுவிட்டால் போதும்.

எதை நம்புவது

தேதி தெரிந்த போட்டோ ஒன்று, தேதி தெரியாத பத்துப் போட்டோவுக்குச் சமம். கறுப்பு வெள்ளைப் பழைய சினிமாவில் எழும்பூர் ஸ்டேஷன் காட்சி வந்தால் நிறுத்திப் பாருங்கள். நிறம் தெரியாது, ஆனால் எழுத்தும் கோடும் தெரியும், படம் வெளிவந்த வருஷமும் தெரியும். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்திலும் திருச்சி ரயில் பாரம்பரிய மையத்திலும் பழைய வண்டிகளைத் தொட்டு அளக்கலாம். ஆனால் காட்சிக்கு வைத்த பெட்டிக்குப் பின்னாளில் பெயின்ட் அடித்திருப்பார்கள். அளவை நம்புங்கள், எழுத்தைச் சரிபாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கலர் தனுஷ்கோடிப் படங்களை மட்டும் தயவு செய்து நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏஐ போட்ட நிறம் வெறும் ஊகம். நாங்கள் நீலம் அடித்ததே அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான். படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று எழுத்தையே அது மாற்றி வரைந்துவிடும். தமிழ் எழுத்து என்றால் கேட்கவே வேண்டாம்.

வயதானவர்களிடம் கேட்பதும் ஆதாரம்தான். ஆனால் "என்ன நிறம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "எந்தப் பெட்டியில் ஏறுவீங்க? எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் கோடுதான் எழுத்து. எங்கே ஏறலாம், எங்கே ஏறினால் டிடிஆர் இறக்கிவிடுவார் என்பதை அதை எண்ணித்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால் மறக்கமாட்டார்கள்.

மாடலைப் பிரித்துத் திரும்பச் செய்தோம். சிவப்பு அடித்தாயிற்று, நடு பஃபர் வைத்தாயிற்று, உள்ளே ஐஸ்கிரீம் குச்சியில் பலகை இருக்கை. வருஷ எண்களை எடுத்துவிட்டோம். கதவில் மூன்று கோடு, ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் தடிமன். பொங்கல் லீவில் எடுத்துட்டுப் போனேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலால கோட்டை எண்ணினாங்க. அப்புறம் இரண்டாவது பெட்டியில் ஒரு ஜன்னலைத் தொட்டு, "இங்கனதான் உக்காரும், காத்து வரும்னு"ன்னாங்க.

மானாமதுரைப் பலகை இன்னும் பாக்கி. பழைய னா கிடைத்துவிட்டது, ஒரு 1961 கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை ஊர்ப் பெயரிலேயே. ஆனால் 1964-க்கு முந்தைய பலகையின் போட்டோ வேணும். உங்க வீட்டு ஆல்பத்தில் யாராவது மானாமதுரை பிளாட்பாரத்தில் நின்று போட்டோ எடுத்திருந்தால், அவங்களுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கு என்று ஒருதரம் பாருங்க. இதழ்க் குழுவிடம் கொடுத்தால் எனக்கு வந்து சேரும்.